நேரம் எழுதாத நோட்டு: ஒரு முதுகலை மாணவியின் முதல் ஆய்வு

எங்கள் துறையில் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படித்த ஒரு மாணவியின் புராஜெக்ட் எப்படித் தொடங்கியது, எங்கே தடம் மாறியது, எப்படி முடிந்தது என்பதன் பதிவு இது. நான்தான் அவருக்கு கைடு. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். கல்லூரி, ஏரி, ஆட்கள் என எந்தப் பெயரும் இதில் வராது. முதன்முதலாக ஆராய்ச்சியில் இறங்கும் மாணவர்களை நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, அவர்களுடைய நோட்டில் கையெழுத்துப் போடும் என்னைப் போன்றவர்களுக்கும் இதில் விஷயம் இருப்பது தெரிந்தது. இந்த வேலையில் நடந்த முதல் தவறு என்னுடையது.

பின்னணி

மாணவி பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர், குடும்பத்தின் முதல் பட்டதாரி. பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டுச் சுற்றுச்சூழல் அறிவியலுக்கு வந்திருந்தார். டைட்ரேஷனில், அதாவது கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு காணும் சோதனையில், கை அவ்வளவு சுத்தம். மூன்று முறை செய்தால் மூன்றும் ஒரே அளவில் நிற்கும். வகுப்பில் மட்டும் வாயே திறக்க மாட்டார். கேட்டால் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் என்று பிறகு ஒருநாள் சொன்னார்.

ஏரி, வட மாவட்டம் ஒன்றில் நகரத்தை ஒட்டி இருக்கிறது. ஏரிப் பாசன நிலமான ஆயக்கட்டில் பெரும்பகுதி வீட்டு மனையாகிவிட்டது. வடக்கே வரத்துக்கால் வழியாக மழைநீர் மட்டும் வந்த காலம் போய், இப்போது ஆண்டு முழுவதும் தெருக்களின் கழிவுநீர் வருகிறது. தெற்கே, நிரம்பினால் உபரி நீர் வழியும் கலங்கல். கோடையிலும் முழுக்க வற்றுவதில்லை. மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருந்த பெரியவர் ஒருவர் கரையில் ஒரு கொட்டகை போட்டு இரவும் பகலும் அங்கேயே இருந்தார்.

தலைப்பு கொடுத்த விதம்

ஜூலையில் துறையில் தலைப்புகளைப் பிரித்துக்கொடுத்தோம். எங்களிடம் ஒரு வழக்கம் ஊறிப்போயிருந்தது. ‘இன்ன ஏரி நீரின் இயற்பியல், வேதியியல் பண்புகள் – ஓர் ஆய்வு’ என்று ஒரு அச்சு. ஏரியின் பெயரை மாற்றினால் அடுத்த ஆண்டுக்கும் ஆகும். நான் அந்த அச்சில்தான் அவருக்கும் ஒன்றை எழுதிக்கொடுத்தேன். தலைப்பு கிடைத்துவிட்டது என்று அவர் நிம்மதியாகப் போனார். அதில் கேள்வி என்று ஒன்று இல்லவே இல்லை என்பது அன்று எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை. நான் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் உறைத்திருக்கும்.

அடுத்த மூன்று வாரத்தில் அவர் அறுபது கட்டுரைகளின் பட்டியலும் இருபத்திரண்டு பக்கத்தில் ஒரு முதல் அத்தியாயமும் கொண்டுவந்தார். ஆங்கிலம் வழவழவென்று இருந்தது. ஒற்றுமையைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் இருக்கும் பழைய ஆய்வேடுகளோடு பொருந்தியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத்தான் தண்டனை இல்லை.

கூப்பிட்டுக் கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை. “இவ்வளவு நல்லா எழுதியிருக்கறத நான் மாத்தினா தப்பாயிடும்ல மேடம்?” என்றார். புத்தகத்தில் இருப்பதைச் சொல் மாறாமல் எழுதியதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் மதிப்பெண் வாங்கியவர் அப்படித்தான் நினைப்பார். இதை நான் திருட்டாகப் பார்க்கவில்லை. அத்தியாயத்தை ஓரமாக வைத்துவிடச் சொன்னேன். ஆனால் அதற்குப் பதில் எப்படிப் படிப்பது, எப்படிக் குறிப்பெடுப்பது என்று அந்த நேரத்தில் சொல்லித்தரவில்லை. அக்டோபர் வரை அது தள்ளிப்போனது.

ஆகஸ்ட், செப்டம்பர்: ஐந்து நடை

இந்த இரண்டு மாதத்தில் அவர் ஐந்து முறை ஏரிக்குப் போய்வந்தார். காலை வகுப்பு முடிந்ததும் பஸ் ஏறுவார். கரையில் படித்துறை பக்கம் ஓரிடத்தில் இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் கேனில் தண்ணீர் மொண்டு, மறுபடி பஸ் பிடித்து, நான்கு மணி வாக்கில் லேபுக்கு வந்து சோதனைகளைத் தொடங்குவார். பி.எச்., மொத்தக் கரைந்த திடப்பொருள், கடினத்தன்மை, குளோரைடு, கரைந்த ஆக்சிஜன். எல்லாம் நோட்டில் அழகான அட்டவணையாக ஏறியது.

கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 10.4 மில்லிகிராம், அடுத்த முறை 11.0. பி.எச். 9.1. அவர் இந்த எண்களைக் குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரநிலையோடு ஒப்பிட்டு, “ஆக்சிஜன் அதிகமாக இருப்பதால் ஏரி நீர் நல்ல நிலையில் உள்ளது” என்று முடிவு எழுதியிருந்தார். நான் பார்த்தேன். கையெழுத்தும் போட்டேன்.

இப்போது அந்தப் பக்கத்தைப் பார்த்தால், தவறாகப் போனவை அத்தனையும் அங்கேயே தெரிகின்றன. யாரும் குடிக்காத ஏரிக்குக் குடிநீர்த் தரநிலையை எதற்கு வைத்தோம்? நீர்நிலைகளை அவற்றின் பயன்பாட்டை வைத்து ஏ முதல் இ வரை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகைப்படுத்தியிருக்கிறது. மீன்வளத்துக்கான டி வகையில் ஆக்சிஜன் 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, பி.எச். 6.5 முதல் 8.5 வரை இருக்க வேண்டும். ஒரே கேன் தண்ணீர் ஆக்சிஜனில் தேறுகிறது, பி.எச்.சில் தோற்கிறது. இந்த முரண்பாடே ஒரு கேள்வி. அதை நாங்கள் தாண்டிப் போனோம்.

அப்புறம் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் காற்றோடு சமநிலையில் இருக்கும் நன்னீர் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் வைத்துக்கொள்ளும். 11 என்றால் அது தண்ணீரின் இயல்பான இருப்பு இல்லை, யாரோ உள்ளே உற்பத்தி செய்துகொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கேனில் குலுங்கிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் வந்த பிறகும் 11 என்றால், ஏரியில் அது இன்னும் அதிகமாகவே இருந்திருக்கும்.

முதல் ரிவ்யூ

அக்டோபர் முதல் வாரம் துறையில் ரிவ்யூ. விலங்கியல் பின்னணி உள்ள சக ஆசிரியர் ஒருவர் அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஊர்ச் சாக்கடை கலக்கிற ஏரிம்மா இது. மலை ஓடைத் தண்ணிய விட இதுல ஆக்சிஜன் எப்படிக் கூட இருக்கு?”

மாணவி பதில் சொல்லவில்லை. எனக்கும் அந்த நிமிடம் பதில் வரவில்லை. ரிவ்யூ முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அவர் என் அறைக்கு வந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“மேடம், அந்த மீன்காரத் தாத்தா ஒண்ணு சொன்னாரு. ‘பாப்பா, நீ மத்தியானம் வந்து தண்ணி மொள்ற. வெள்ளன வந்து பாரு, மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்கும். வெயில் ஏறினா உள்ள போயிடும்’னாரு.”

“எப்போ சொன்னார்?”

“ரெண்டாவது தடவ போனப்பவே.”

“ஏம்மா, இதை நோட்டுல எழுதலியே?”

“அது டேட்டா இல்லையே மேடம். அவர் சும்மா பேச்சுக்குச் சொன்னதுதானே.”

இந்தப் பேச்சை நான் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஏரியில் நடப்பதை அறிந்த ஒருவர் அவர் கையில் ஆய்வையே கொடுத்திருக்கிறார். மாணவி அதைக் கேட்டிருக்கிறார், நினைவிலும் வைத்திருக்கிறார். ஆராய்ச்சி என்றால் என்ன என்று நாங்கள் காட்டிக்கொடுத்த விதத்தில், அதை எழுத நோட்டில் இடமில்லாமல் போயிருக்கிறது. அட்டவணைக் கட்டங்களை மட்டும்தான் நாங்கள் ஆய்வு என்று காட்டியிருந்தோம்.

பெரியவர் சொன்னதையும் 11 என்ற எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவுடன் விஷயம் பிடிபட்டது. கழிவுநீரின் சத்தில் பாசி பெருகியிருக்கிறது. பகலில் அது ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனைக் கொட்டுகிறது. கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிவிடுவதால் பி.எச். ஏறுகிறது. இருட்டிய பிறகு அதே பாசியும், மீனும், அடியில் மக்கும் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களும் சேர்ந்து ஆக்சிஜனைக் குடிக்கின்றன. விடியும் நேரத்தில் கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. பகலில் அவ்வளவு உயர்வதும் விடியலில் அவ்வளவு இறங்குவதும் ஒரே காரணத்தால்தான். இது அப்போதைக்கு எங்கள் ஊகம். அதைச் சோதிப்பதுதான் இனி வேலை என்று இருவரும் ஒப்புக்கொண்டோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் பழைய ஐந்து அளவுகளை என்ன செய்வது என்று பேசினோம். நோட்டைப் புரட்டினால் தேதி இருந்தது, நேரம் இல்லை. ஒரு நாளுக்குள்ளேயே இவ்வளவு மாறும் ஒன்றை நேரம் குறிக்காமல் எழுதினால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மாணவியின் பையில் இரண்டு நாள்களுக்கான பஸ் டிக்கெட் கிடந்தது. கண்டக்டரின் மெஷினில் அச்சாகும் நேரம் அதில் இருந்தது. அதை வைத்துக் கணக்குப் போடலாமா என்று ஆசையாகக் கேட்டார். கெட்டிக்காரத்தனம்தான், எனக்கும் அந்த யோசனை பிடித்தது. ஆனால் நேரம் தெரிந்தாலும் கேனில் குலுங்கி வந்த குறை தீராது. ஐந்தையும் முடிவுகளில் சேர்ப்பதில்லை என்று தீர்மானித்தோம். பக்கங்களைக் கிழிக்க வேண்டாம், குறுக்கே ஒரு கோடு போட்டு, ஏன் விட்டோம் என்று அடியில் எழுதச் சொன்னேன். இரண்டு மாத உழைப்பு அது. அன்று அவர் அழுதுவிட்டார்.

அடுத்து, தலைப்பை விட்டுக் கேள்விக்கு வந்தோம். பத்து பண்புகளை அளக்கும் திட்டத்தைக் கைவிட்டு இரண்டே கேள்விகளை எழுதினோம். இந்த ஏரியில் விடியலுக்கும் பிற்பகலுக்கும் இடையே கரைந்த ஆக்சிஜன் எவ்வளவு மாறுகிறது? வரத்துக்கால் பக்கமும் கலங்கல் பக்கமும் ஒரே மாதிரி மாறுகின்றனவா? இது சின்னதாகப் போய்விட்டதே, புராஜெக்டுக்குப் போதுமா என்று மாணவி பயந்தார். போதும் என்றேன். நாங்கள் நினைத்தது தவறு என்று தண்ணீரே காட்டிவிடக்கூடிய அளவுக்குக் கேள்வி இறங்கி வந்திருந்தது. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

மூன்றாவது, அளக்கும் முறை. கல்லூரியில் இருந்த ஆக்சிஜன் மீட்டரின் சவ்வு பழுதாகியிருந்தது. டைட்ரேஷனால் ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறைக்கே போனோம். 1888-இல் ஹங்கேரிய வேதியியலாளர் லாயோஷ் விங்க்ளர் வெளியிட்ட முறை இன்றும் மீட்டர்களைச் சரிபார்க்கப் பயன்படுகிறது. அசைடு சேர்த்த திருத்தப்பட்ட வடிவத்தைக் கையாண்டோம், கழிவுநீரில் இருக்கும் நைட்ரைட் அளவைக் கெடுக்காமல் இருக்க அது வேண்டும். இந்த முறையின் உயிர், ஏரிக்கரையிலேயே பாட்டிலில் மாங்கனஸ் சல்பேட்டும் கார அயோடைடும் சேர்த்து ஆக்சிஜனைப் பிடித்து வைப்பதில் இருக்கிறது. மூடியைத் திறந்து மூடும்போது ஒரு காற்றுக் குமிழிகூட உள்ளே தங்கக் கூடாது. ஒவ்வோர் இடத்திலும் மூன்று பாட்டில். நோட்டில் முதல் கட்டம் நேரம். கடைசியில் ‘பார்த்தது, கேட்டது’ என்று அகலமான ஒரு கட்டம்.

நீரின் தெளிவை அளக்க சேக்கி தட்டு வேண்டும். 1865-இல் இத்தாலியில் ஆஞ்சலோ சேக்கி பயன்படுத்திய எளிய கருவியின் பிற்கால வடிவம். 20 சென்டிமீட்டர் விட்டத்தில் வட்டத் தகடு, கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி நான்கு கால்பகுதிகள், நடுவில் கயிறு. தண்ணீருக்குள் எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் அளவு. ஊரில் போர்டு எழுதுபவரிடம் தகரத்தை வெட்டிப் பெயின்ட் அடித்து வாங்கினோம். பாசியின் பச்சையத்தை அளக்கும் வசதி எங்களிடம் இல்லாததால் இதை வைத்துக்கொண்டோம்.

அப்புறம் பாதுகாப்பு. விடியற்காலை அளவு என்றால் ஐந்தரைக்குள் கரையில் நிற்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை விடியலும் பிற்பகலும், ஜனவரியிலும் மார்ச்சிலும் ஒவ்வொரு முழு நாள், மூன்று மணிக்கு ஒரு தடவை. இதைத் திட்டமாக எழுதியபோது ஒரு பெண்ணைத் தனியாக அனுப்பும் பேச்சே இல்லை என்று முடிவு செய்துவிட்டுத்தான் மற்றதைப் பேசினேன். ஏரியைப் பராமரிக்கும் துறையின் பிரிவு அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் கல்லூரி வழியாகக் கடிதம் கொடுத்தோம். விடியல் நடைகளுக்கு மாணவியின் அம்மா கூட வந்தார். முழு நாள் அளவுகளுக்கு நானும் லேப் உதவியாளரும் போனோம். பெரியவரின் கொட்டகையே எங்கள் லேப் ஆனது. இந்த ஏற்பாடு ஒத்துவராமல் போயிருந்தால் விடியல் அளவையே விட்டிருப்பேன், கேள்வியையும் மாற்றியிருப்பேன்.

மறுபடியும் படிப்பு

இரண்டாம் தடவை படிக்க உட்கார்ந்தபோது கையில் கேள்வி இருந்தது. ஆனாலும் தேடலில் ஒன்றும் கிடைக்கவில்லை. ‘பகல் இரவு ஆக்சிஜன் வேறுபாடு’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் எத்தனை விதமாகத் தட்டினாலும் பழையபடி ஏரிப் பண்புகள் பற்றிய கட்டுரைகளே வரிசையாக வந்தன. ஒரு கட்டுரையின் கடைசிப் பட்டியலில்தான் ‘டையல்’ (diel) என்ற சொல் அவர் கண்ணில் பட்டது. ஒரு முழு பகல், இரவுச் சுற்றைக் குறிக்க நீரியல்காரர்கள் வைத்திருக்கும் சொல். அதைப் போட்டவுடன் வேறோர் உலகம் திறந்தது. ஓடும் நீரில் ஆக்சிஜன் ஏறி இறங்குவதை வைத்தே அதன் உயிர் உற்பத்தியைக் கணக்கிடலாம் என்று ஹாவர்டு ஓடம் 1956-இல் எழுதிய கட்டுரை வரை போய்ச் சேர்ந்தார். புதியவர்களுக்குத் தேடத் தெரியவில்லை என்று நாம் சொல்லிவிடுகிறோம். பல நேரம் அவர்களுக்குத் தெரியாதது அந்தத் துறை அந்தப் பொருளுக்கு வைத்திருக்கும் பெயர்தான்.

படிக்கும் முறையையும் மாற்றினோம். அறுபது கட்டுரைகளில் பன்னிரண்டை மட்டும் வைத்துக்கொண்டோம். ஒவ்வொன்றையும் மூடி வைத்துவிட்டு, தமிழில், ஒரு தாளில் எழுத வேண்டும்: இவர்கள் என்ன கேட்டார்கள், எங்கே எப்போது அளந்தார்கள், என்ன கிடைத்தது, எனக்கு எது நம்பும்படி இல்லை, என் வேலைக்கு இதில் என்ன எடுக்கலாம். அந்தத் தாளிலிருந்து பிறகு அவருடைய சொந்த ஆங்கிலத்தில் அத்தியாயம். முதல் தாளுக்கு இரண்டு நாள் பிடித்தது, கடைசித் தாளுக்கு ஒரு மாலை. இலக்கணப் பிழைகள் இருந்தன, திருத்திக்கொண்டோம். ஒற்றுமைச் சோதனை அதற்குப் பிறகு ஒரு பிரச்சினையாகவே இல்லை. பன்னிரண்டில் ஐந்து கட்டுரைகள் அளந்த நேரத்தைக் குறிப்பிடவே இல்லை என்று அவரே கண்டுபிடித்து வந்து காட்டிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றுதான் அவர் முதல்முறையாக நான் கேட்காமலே என் அறையில் அரை மணி நேரம் பேசினார்.

நடந்தவை

அக்டோபர் மூன்றாம் வாரம் முதல் விடியல் அளவு. வரத்துக்கால் பக்கம் பாட்டிலில் இரண்டு கரைசல்களையும் விட்டபோது ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாக வர வேண்டிய வீழ்படிவு அப்படி வரவில்லை. கிட்டத்தட்ட வெள்ளையாக வந்தது. மருந்து கெட்டுவிட்டது என்று நினைத்து மாணவி எனக்குப் போன் செய்தார். இன்னொரு பாட்டிலை எடுத்துக் கலங்கல் பக்கம் போய்ச் செய்து பார்க்கச் சொன்னேன். அங்கே இளம் பழுப்பு வந்தது. மருந்து சரியாகத்தான் இருந்தது, தண்ணீரில்தான் ஆக்சிஜன் மிகக் குறைவு. டைட்ரேஷனில் வரத்துக்கால் பக்கம் 1.2, கலங்கல் பக்கம் 3.9. அதே நாள் பிற்பகல் மூன்று மணிக்கு 11.6, 9.2. பெரியவர் சொன்னபடி மீன்கள் மேலே நின்றதையும் அவர் கடைசிக் கட்டத்தில் நேரத்தோடு எழுதியிருந்தார்.

நவம்பரில் மழை. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது, இரண்டு நடைகள் போக முடியவில்லை. அந்தக் கட்டங்களை முன்பின் அளவுகளின் சராசரியால் நிரப்பலாமா என்று கேட்டார். காலியாகவே விட்டோம். “மழை, கரை வழி மூடல்” என்று எழுதியிருக்கிறது. டிசம்பர் கடைசியில் வரத்துக்கால் பக்கம் விடியலில் 4.1, பிற்பகலில் 7.0. ஏற்ற இறக்கம் சுருங்கியிருந்தது. நாங்கள் எதிர்பார்க்காத அளவுக்குச் சுருங்கியிருந்தது.

ஜனவரியின் முழு நாள் அளவில் ஒரு பிசகு நடந்தது. இரவு ஒன்பது மணிப் பாட்டில்களில் ஒன்றின் மூடியில் காற்று தங்கி, அளவு மற்ற இரண்டை விட அதிகமாக வந்தது. அதை விலக்கிவிட்டு இரண்டின் சராசரியை எழுதினோம், விலக்கியதையும் எழுதினோம். மார்ச்சில் எல்லாம் கூடி வந்தது. கொட்டகையில் ஸ்டாண்டும் பியூரெட்டும் வைத்து, மின்விளக்கு வெளிச்சத்தில், ஸ்டார்ச்சின் நீலம் மறையும் புள்ளியைப் பார்த்துப் பார்த்து எட்டுச் சுற்றுகள். வரத்துக்கால் பக்கம் காலை ஆறு மணிக்கு 0.6, பிற்பகல் மூன்றுக்கு 13.1. பி.எச். 7.8-இலிருந்து 9.3 வரை ஏறி இறங்கியது. சேக்கி தட்டு டிசம்பரில் 55 சென்டிமீட்டர் ஆழம் வரை தெரிந்தது, மார்ச்சில் 18-லேயே மறைந்துவிட்டது.

ஆய்வேட்டின் மையம் இரண்டு வரிதான். ஒரே நாளில் பிற்பகலில் அளந்தால் இந்த ஏரி மீன்வளத்துக்கான 4 மில்லிகிராம் வரம்பைத் தாராளமாகத் தாண்டுகிறது. விடியலில் அளந்தால், மழையை ஒட்டிய சில வாரங்களைத் தவிர, அதற்குக் கீழே கிடக்கிறது. இதைத் தாண்டி, ஏரியில் மீன் செத்தால் அதற்கு இதுதான் காரணம் என்று அவர் எழுத விரும்பினார். அதை நான் அடித்துவிட்டேன். பி.எச். ஏறும்போது அம்மோனியா நச்சு வடிவத்துக்கு மாறும், அதை நாங்கள் அளக்கவில்லை. அளக்காததைப் பற்றி, அளக்கவில்லை என்று மட்டும் எழுதினோம்.

பிப்ரவரியில் ஒரு கருத்தரங்கில் அவர் சுருக்கம் வாசித்த பிறகு, மூன்று நாளில் கட்டுரையை வெளியிட்டுச் சான்றிதழ் தருவதாக ஓர் இதழிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கட்டணம் உண்டு. கடன் வாங்கியாவது கட்டிவிடலாம் என்று அவர் தயாராக இருந்தார். ஆசிரியர் குழுவில் இருப்பவர்களுடைய நிறுவனப் பக்கங்களில் அந்த இதழின் பெயரே இல்லை, இதுவரை வந்த கட்டுரைகளில் மறுபரிசீலனை நடந்ததற்கு அடையாளம் இல்லை. மூன்று நாளில் யாரும் படித்துப் பார்த்திருக்க முடியாது. விட்டுவிட்டோம்.

ஏப்ரலில் வைவா. வெளித் தேர்வாளர் பாசியின் பச்சையத்தை ஏன் அளக்கவில்லை என்று கேட்டார். வசதி இல்லை, அதற்குப் பதில் தெளிவை அளந்தோம், ஆனால் மழைக்காலத்தில் சேறும் தெளிவைக் குறைக்கும் என்பதால் அதை முழுச் சான்றாக எடுக்கவில்லை என்று மாணவி சொன்னார். பிறகு கோடு போட்ட ஐந்து பக்கங்களைப் பார்த்து அவர் நிறைய நேரம் கேள்வி கேட்டார். மாணவி எல்லாவற்றுக்கும் நின்று பதில் சொன்னார்.

ரிசல்ட் வந்த பிறகு ஒரு பக்கத்தில் தமிழில் குறிப்பு எழுதிப் பெரியவரிடம் கொடுத்தார். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, போனில் இருந்த இரண்டு பாட்டில்களின் படத்தைத்தான் பார்த்தார். விடியல் பாட்டில் வெள்ளை, பிற்பகல் பாட்டில் அடர் பழுப்பு. “இதத்தான் பாப்பா நான் அன்னிக்கே சொன்னேன்” என்றார். மீனுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டார். மாசிக்குப் பிறகு விடியலில் ஆபத்து கூடுகிறது என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும், மற்றதை மீன்வளத் துறையில் கேளுங்கள் தாத்தா என்று மாணவி சொன்னார்.

என்ன மாற்றியிருக்கிறோம், இன்னும் எது மாறவில்லை

தலைப்புப் பட்டியலை நிறுத்திவிட்டோம். இப்போது எங்களிடம் வரும் மாணவர் முதல் மூன்று வாரம் கருவி எதுவும் இல்லாமல் இடத்துக்குப் போய்வர வேண்டும். பார்த்ததையும் அங்கே இருப்பவர்கள் சொன்னதையும் எழுதிக்கொண்டு வரவேண்டும். ‘ஏன் இப்படி?’ என்று அவர் கேட்கும் முதல் கேள்வியிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறோம். சிலருக்கு மூன்று வாரம் போதவில்லை, செமஸ்டர் கணக்கு இடிக்கிறது. இதற்கு நான் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

முதல் அளவு எடுக்கும் நாளில் கைடும் கூடப் போகிறார். ஆகஸ்டில் நான் ஒரு நாள் அந்தப் படித்துறையில் நின்றிருந்தால் கேனைப் பார்த்திருப்பேன், நேரக் கட்டம் இல்லாத நோட்டைப் பார்த்திருப்பேன், பெரியவரும் என்னிடமே சொல்லியிருப்பார். குறிப்புத் தாள் முறையை முதல் மாதமே தொடங்குகிறோம். ஒற்றுமைச் சோதனையைத் தண்டனைக்காக இல்லாமல், எந்த வரி உன்னுடையது என்று உட்கார்ந்து பேசுவதற்காகப் பயன்படுத்துகிறோம்.

விடியல் வேலைக்கான பாதுகாப்பு ஏற்பாடு ஒரு கைடின் தனி முயற்சியில்தான் இன்னும் நிற்கிறது. அதற்கு வண்டியோ செலவோ துறையின் கணக்கில் இல்லை. ஓர் அம்மா தன் தூக்கத்தை விட்டு வந்ததால்தான் இந்த ஆய்வு நடந்தது. எல்லா மாணவிக்கும் அப்படி ஒருவர் கூட வர முடியாது. கல்லூரியிடம் எழுதிக் கேட்டிருக்கிறோம்.

மாணவி இப்போது ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறார், நெட் தேர்வுக்கும் படிக்கிறார். அவருடைய நோட்டு துறையின் அலமாரியில் இருக்கிறது. இந்த ஆண்டு இன்னொரு மாணவர் அதே ஏரியில் அம்மோனியாவை அளக்கப் போகிறார். கோடு போட்ட ஐந்து பக்கங்களைத்தான் முதலில் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.